அத்தை நின்ற இடங்கள்

எங்கள் வீட்டிலிருந்து விருதுநகர் பஜாரில் இருந்த அத்தையின் பருப்புக் கடைக்கு ஏழு நிமிட நடை. அன்று எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. நான் ஐந்தாம் வகுப்பு. கையில் புதுக் கடிகாரம் கட்டியிருந்ததால் இந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

பீடி, சிகரெட் புகையின் பக்கம்கூடப் போகாத அத்தைக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. மதுரையில் வலது பக்கத்தில் கொஞ்சத்தை வெட்டி எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் மருந்து ஏற்றி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் அதன் குழாயை வாயில் வைத்து மூச்சை இழுப்பாள். இரண்டு பந்து எழும்பும், மூன்றாவது அசையாது. நான் இழுத்தால் மூன்றும் எழும்பும். அதை அவளிடமே பெருமையாகச் செய்து காட்டியிருக்கிறேன்.

பூட்டிக் கிடந்த கடையைப் பக்கத்துக் கடை அண்ணாச்சி விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் தம்பியான என் அப்பாவுக்கும் கொடுத்துவிடலாம் என்றே எண்ணம். இனி அவளால் பஜார் வரை நடக்கவே முடியாது என்றார். பேசி முடிக்க அண்ணாச்சி வரச் சொன்ன நாளில், அத்தை ஆட்டோ வேண்டாம் என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள்.

தெருமுனை வளையல் கடையில் நின்றாள். காலண்டர் கடையில் மாட்டியிருந்த சாமி படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தாள். பாத்திரக் கடையில் ஒரு தூக்குவாளிக்கு விலை கேட்டுவிட்டு, பதில் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் தானாகவே விலையைக் குறைத்தார். அப்படியும் வாங்கவில்லை. எனக்கு மானம் போனது.

“வாங்காத சாமானை எதுக்கு அத்தை பாத்துக்கிட்டே நிக்கீக?”

“சும்மா வா புள்ள” என்றாள், வெகுநேரம் கழித்து.

கடை வாசலில் அப்பாவும் அண்ணாச்சியும் காத்திருந்தார்கள். அப்பா ஷட்டரைத் தூக்கியதும் அத்தை நேராகப் போய் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அண்ணாச்சி உடம்பை விசாரித்தார். தலையாட்டினாள். கடைக்கு ஒரு விலை சொன்னார். அத்தை பேசவில்லை.

எங்கள் பஜாரில் விலை சொன்ன பிறகு எதிராளி பேசாமல் இருந்தால், போதாது என்று பொருள். அண்ணாச்சி ஏற்றிச் சொன்னார். அத்தை தராசைப் பார்த்தாள். இன்னும் ஏற்றினார். ஏதோ சொல்ல வந்த அப்பாவைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இதுக்கு மேல எனக்குக் கட்டாது தங்கச்சி. ஒங்களுக்கு விக்க மனசில்ல போல.”

அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். “அடுத்த உளுந்து லோடுல எனக்கும் ரெண்டு மூடை சேத்துச் சொல்லிருங்க, அண்ணாச்சி.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “ஒங்க அக்கா வாயத் தொறக்காமலே ஏவாரம் பண்ணுதாக” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தை அப்பாவைச் சாக்குகளைத் தட்டி அடுக்கச் சொன்னாள். மறுநாளிலிருந்து கடை திறந்தது.

வியாபாரம் என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது. அடுத்த வாரம் பேனா வாங்கப் போன இடத்தில் நானும் பேசாமல் நின்று பார்த்தேன். கடைக்காரர் பேனாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அத்தையிடம் இருந்த ஏதோ ஒன்று என்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியதை வளையல் கடையில் பார்த்தேன், பாத்திரக் கடையில் பார்த்தேன், அண்ணாச்சி முன்னாலும் பார்த்தேன். அது கோபம் என்று நினைத்திருந்தேன்.