புல்லுக்குக் கீழே பன்னிரண்டு தகரம்

என் அக்கா புருஷன் சோலைமலையை நல்ல மனுஷர் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நல்லவராவது ஒன்றாவது! வன்மம் பிடித்த ஆள். ஒன்றரை வருஷம் ஒரே வன்மத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சோறு தின்றார். அவருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தவன் நான். அந்த வன்மத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கல் கட்டும் மேசன். லிந்துலைக்குப் போகும் பாதைக்குக் கீழே, பள்ளத்தில், தொழிலாளர் வரிசை வீடான ஐந்தாம் நம்பர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்தார். 1957 ஆடியில் என் அக்கா வீரம்மா அங்கே பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, அவள் படுத்த மூலையிலேயே மழை இறங்கியது. மச்சான் மூன்று நாள் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். இரண்டு தகரம் போதும் என்றார். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். நாங்கள் கூரைக்குச் சாக்கை இழுத்துக் கட்டினோம். அது நாள் முழுக்கச் சொட்டியது. நாலாம் நாள் அக்காவுக்கு ஜன்னி கண்டது. அவளும் போனாள், பிள்ளையும் போனது.

மச்சான் அதற்குப் பிறகும் அந்தச் சாக்கைக் கழற்றவில்லை. டவுனில் பழைய தகரம் வாங்கிப் போடலாம் என்று நான் சொன்னேன்.

"கெடக்கட்டும் அழகுமுத்து. போட வேண்டியவன் வந்து போடட்டும்" என்றார்.

மறு வருஷம் ஆனி மாதம் துரை அவரைக் கூப்பிட்டு அனுப்பினான். தோட்டம் பார்க்க வரும் விருந்தாளிகள் அருவியைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்க, பாறை முனையில் ஒரு கட்டடம் வேண்டுமாம். ஆனால் அது கட்டடம் மாதிரியே இருக்கக் கூடாதாம். பாதையில் வருகிறவனுக்குப் பாறையும் புல்லும்தான் தெரிய வேண்டும், ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது, கூரைக்கு மானாப்புல். விருந்தாளிகள் நனைந்துவிடக் கூடாது என்பதற்காகப் புல்லுக்குக் கீழே தகரம். ஸ்டோரில் பன்னிரண்டு புதுத் தகரம் வந்து இறங்கியிருந்தது. மச்சான் அதை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார்.

துரை பாறை முனைக்கு வந்த அன்று மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. அருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சத்தம் வர்ற பக்கம் பெரிய ஜன்னல் வை, பாஸ்" என்றான் துரை. எங்கள் பக்கம் மேசனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த முனையில் அருவி இருப்பது இடது கைப் பக்கம், பாறைக்குப் பின்னால். பனி மூடினால் அதன் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி, நேர் எதிரே அருவி விழுவது போலக் கேட்கும். கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். பனியில் அந்தச் சத்தத்தை நம்பி யாரும் கால் வைக்க மாட்டார்கள். எதிர்மலையின் அடியில் இருப்பது ஐந்தாம் நம்பர் லயம். துரை ஒரு நாளாவது அந்த லயத்துக்கு இறங்கியிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"சரிங்க தொரை" என்றார்.

அடுத்த வாரமே துரை ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பல் ஏறினான். மச்சான் கட்டினார். அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. பாசி பிடித்த முகம் வெளியே தெரியும்படி ஒவ்வொரு கல்லாகத் திருப்பித் திருப்பி வைத்தார். புதிதாக உடைத்த கல்லுக்குச் சாணியும் மோரும் கரைத்துப் பூசினார். இரண்டு மாதத்தில் அதிலும் பாசி ஏறியது. நின்ற மரத்துக்காகச் சுவரை வளைத்தார். கூரையில் தகரத்தை அடித்து, மேலே புல்லை வேய்ந்தார். ஜன்னலை மட்டும் நூல் பிடித்து, தன் காம்பராவுக்கு நேராக வைத்தார்.

தைப்பொங்கல் அன்று காலையில் துரை திரும்பி வந்தான், லண்டனிலிருந்து கம்பெனிப் பெரிய துரையையும் அவர் துரைசாணியையும் கூட்டிக்கொண்டு. பாதையில் நின்று கட்டடத்தைத் தேடினார்கள்; காணோம். துரைக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது பனி விலகியது. ஜன்னலில் அருவி இல்லை. சாக்குக் கட்டிய கூரையோடு ஐந்தாம் நம்பர் லயம் நின்றது. துரைசாணி என்னவோ கேட்டாள். துரை என்னவோ சொன்னான். அவள் மறுபடி என்னவோ சொன்னாள்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி இங்கிலீஷ் தெரிந்தவர்; வாசலில் எங்களோடு நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "அது என்னன்னு அம்மா கேட்டாங்க. மாட்டுப்பட்டின்னு தொரை சொன்னாரு. மாட்டுப்பட்டியில பொம்பளைங்க பானை வச்சுப் பொங்குறாங்களேன்னு அம்மா கேக்குறாங்க."

பெரிய துரையின் முகம் சிவந்துவிட்டது. இன்றைக்கே அந்தக் கூரைக்குத் தகரம் போடச் சொன்னார். ஸ்டோரில் ஒன்றுகூட இல்லை என்று துரை மழுப்பினான். அதையும் கண்டாக்கு எங்களுக்குச் சொன்னார். அப்போதுதான் மச்சான் வாசலைத் தாண்டி உள்ளே காலை வைத்தார்.

"இருக்குங்க. இந்தக் கூரையில, புல்லுக்குக் கீழ பன்னெண்டு இருக்கு."

கண்டாக்கு அதை இங்கிலீஷில் சொன்னார்.

அந்தக் கட்டடம் பிறகு என்ன ஆனது என்று கேட்பவர்கள் உண்டு. அன்றே தகரத்தைக் கழற்றிவிட்டதால், மிஞ்சிய வெறும் புல் முதல் மழைக்கே ஒழுகியது. விருந்தாளிகள் வருவது நின்றது. இப்போது மழைக்கு மாடுகள்தான் அங்கே ஒதுங்குகின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்?

அன்று சாயங்காலம் மச்சான் தன் கூரைமேல் ஏறிச் சாக்கை அறுத்துக் கீழே போட்டார். நான் தகரத்தைத் தூக்கிக் கொடுத்தேன். துரை தனியாக வந்து, முதல் தடவையாக அந்த லயத்து வாசலில் நின்றான்.

"அருவி எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியும்" என்றான். "தெரிஞ்சேதான் ஜன்னல் வச்சியா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வேலையும் காம்பராவும் தங்கியிருக்கும். வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டு வாங்கியவனுக்கு வேறு எந்தத் தோட்டத்திலும் பேர் பதிய மாட்டார்கள். இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத ஆள், எங்கே போவார்?

"ஆமாங்க தொரை, தெரிஞ்சேதான் வச்சேன்."

"நாளைக்கு உனக்குப் பத்துச்சீட்டு."

"குடுங்க" என்றார் மச்சான். "எம் பொஞ்சாதி படுத்திருந்த மூலைக்கு இன்னும் ரெண்டு தகரம் பாக்கி. அதை அடிச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்."

துரை போகும்வரை அவர் சுத்தியலைத் தூக்கவில்லை. பிறகு என்னிடம் கையை நீட்டி ஆணி கேட்டார். அப்போதுதான் அவர் அழுவதைப் பார்த்தேன்.