துவைகல்லடியில் ஒரு பாட்டில்

பாட்டிலின் கழுத்தைப் பிடித்துப் பலமாகக் குலுக்கிவிட்டு, எஞ்சினியர் அதை எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். உள்ளே இருந்தது தண்ணீரைப் போல நிறமில்லாத ஏதோ ஒன்று. கொந்தளிப்பு அடங்கியதும் அதன் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக ஒட்டி நின்றன. ஒன்றுகூட உடையவில்லை. என் மாமியார் கையிலிருந்த அகப்பையோடு குனிந்து பார்த்தாள். "ஏளா, இங்கன வந்து பாரு. முத்துல்லா நிக்கி!" என்றாள். எஞ்சினியருக்கு அவள் சொன்னது புரியவில்லை. நான் இங்கிலீஷில் சொன்னதும் அந்த மனிதர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவர்கள் ஊரிலும் அதை முத்து என்றுதான் சொல்வார்களாம்.

யுத்த காலம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு கிறிஸ்துமஸ்கூட வரவில்லை, என் புருஷன் கொழும்பிலிருந்து புறப்பட்ட ஒரு சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிக்கிற வேலைக்குப் போனார். அந்தக் கப்பல் போகவேண்டிய துறைமுகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. மூழ்கிவிட்டது என்றும் சொல்லவில்லை, ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான் என்றும் சொல்லவில்லை. அதோடு சரி. அந்த வீட்டில் மாமியும் நானும் மட்டும். எங்கள் கடற்கரையில் மாமியாரை மாமி என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியாது, நின்றால் நிற்க முடியாது. லாஞ்சு ஊதினால் மொட்டை மாடிக்கு ஓடுவேன். அப்போதெல்லாம் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. ஆழமில்லாததால் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், லாஞ்சும் தோணியும்தான் போய்வரும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கே பார்த்தபடி நிற்பேன். கீழே அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எஞ்சினியர் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தார். செக்கோஸ்லோவாக்கியாக்காரர். ஜெர்மன்காரன் நாட்டைப் பிடித்ததும் தப்பித்து வந்து ஒரு வெள்ளைக்காரக் கப்பலின் இயந்திர அறையில் சேர்ந்திருந்தார். விஷக்காய்ச்சல் கண்டதால் கப்பல் அவரைத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தவரை மாமி நொய்க்கஞ்சியும் கருவாடும் கொடுத்துத் தேற்றினாள். அவருக்கும் வீட்டிலிருந்து ஒரு செய்தியும் கிடையாது. மாடியில் அவர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடப்பார், கீழே நான் நடப்பேன். "வீட்டுக்குள்ள ரெண்டு கப்பல் ஓடுது. ரெண்டுக்கும் கரையக் காணோம்" என்பாள் மாமி.

சாயங்காலங்களில் அவர் கீழே வந்து மேஜையடியில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வார். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் மாமிக்குச் சொல்வேன். அவருடைய அம்மா ஹங்கேரிக்காரியாம், அப்பா செக். ஆகையால் இரண்டு நாட்டுக் குடியும் அவருக்கு அத்துப்படி. ஸ்லிவோவிட்ஸா என்பது கத்தரிப்பூ நிறத்தில் காய்க்கும் பிளம் பழத்தைப் பீப்பாயில் புளிக்கவைத்துக் காய்ச்சி இறக்குவது. அந்தப் பாட்டிலில் இருந்தது அதுதான், அவர் அப்பா தன் தோட்டத்துப் பழத்தில் காய்ச்சியது. ஹங்கேரியில் பாலிங்கா என்பார்கள், ஆப்ரிகாட் பழத்திலும் செய்வார்களாம், சிறிய கிளாசில் காலையிலேயே ஒன்று விட்டுக்கொண்டு வயலுக்குப் போவார்களாம். தொக்காய் என்று ஒரு திராட்சை ரசம் இருக்கிறது. பழத்தைச் செடியிலேயே பூசணம் பூத்துச் சுருங்க விட்டுப் பிறகு பறிப்பார்களாம், தேனாக இனிக்குமாம். மாமிக்கு இது தாங்கவில்லை. "பூசணம் புடிச்சதையா குடிக்கான்? நம்ம பனையேறி பதனிப் பானைக்குச் சுண்ணாம்பு தடவ மறந்தாலே, புளிச்சிட்டுன்னு நாலு தெரு கேக்க ஏசுவோம்" என்றாள். வயிற்றுக்கு நல்லது என்று இரண்டு நாட்டுக்காரர்களும் குடிக்கிற கசப்புப் பச்சிலைச் சாராயம் ஒன்றைப் பற்றிச் சொன்னபோதுதான் அவளுக்கு அந்த ஜனங்கள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நிலவேம்புக் கஷாயத்தைச் சந்தோஷமாகக் குடிக்கத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்றும் சொன்னார். செக்காரர்கள் கிளாசை முட்டும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்கவேண்டும், பார்க்காவிட்டால் அவமரியாதை. ஹங்கேரிக்காரர்களோ பீர் கிளாசை முட்டவே மாட்டார்கள். எந்தக் காலத்திலோ அவர்களுடைய தளபதிகளைத் தூக்கில் போட்ட எதிரிகள் பீர் கிளாசை முட்டிக் கொண்டாடினார்களாம், அதற்காக. "அம்புட்டு வருசமா மறக்காம இருக்கானா? அப்பம் அவன் நம்ம ஆளுதான்" என்றாள் மாமி. அடுத்த தெருவில் அவளோடு பேச்சு நின்றுபோன ஒரு தங்கச்சி இருந்தாள்.

முத்து விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் ஊரில் நல்ல சரக்கா என்று பார்க்க மூடியைத் திறக்க வேண்டாமாம், குலுக்கினாலே போதுமாம். வீரியம் இருந்தால் குமிழிகள் விளிம்பில் முத்தாக நிற்கும். எவனாவது தண்ணீர் கலந்திருந்தால் உடனே உடைந்துபோகும். இதை அப்படியே மாமிக்குச் சொன்னேன். அவள் அப்பா முத்துக்குளித்தவர். சிறுபிள்ளையாக இருந்தபோது அழுகின சிப்பியை அலசி, பொடிமுத்துப் பொறுக்கியவள் அவள். முத்துக்குளிப்பு நின்றுபோய் எத்தனையோ வருடமாகியும், முத்தென்ற சொல்லைக் கேட்டால் அவள் கண் சுருங்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பாட்டிலைக் கையில் வாங்கித் தானே ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள்.

எஞ்சினியருக்குக் கப்பல் கிடைத்தது. புறப்படும் அன்று அந்தப் பாட்டிலை மாமி கையில் கொடுத்தார். வாய் முழுவதும் கருஞ்சிவப்பு அரக்கால் மூடியிருந்தது. அரக்கு சூடாக இருந்தபோது அவர் அப்பா கட்டைவிரலால் அழுத்திய ரேகைகூடத் தெரிந்தது. பிள்ளை பிறந்தால் அவர்கள் ஊரில் இப்படி ஒன்றை மண்ணில் புதைப்பார்களாம், அதன் கல்யாணத்தன்று தோண்டித் திறப்பார்களாம். நான் சொல்லி முடிப்பதற்குள் மாமி தீர்மானித்துவிட்டாள். "எம் மவனுக்குக் கல்யாணந்தான் முடிஞ்சிட்டே. அவன் வந்து எறங்குத அன்னைக்குத் தோண்டுவோம்." கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, சாக்கில் சுற்றி வைத்து மூடினாள். எஞ்சினியர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை. லாஞ்சில் ஏறும்போது திரும்பி என் கண்ணைப் பார்த்தார், கிளாஸ் இல்லாமலே.

மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாள் மாமி பாட்டிலைத் தோண்டி எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்து, குலுக்கி, வெயிலுக்கு எதிராகப் பிடித்தாள். முத்து நின்றது. "வாரான்" என்றாள். அந்த ஒரு சொல்தான். குமிழி எதுவானாலும் கொஞ்ச நேரத்தில் தானாக உடையத்தானே செய்யும். அதற்கு முன்னால் பாட்டிலைச் சாக்கில் சுற்றிவிட்டாள். அதிலிருந்து வருடா வருடம் இதே கதை. முத்து நிற்கிற வரை மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவளாகவே வைத்துக்கொண்ட கணக்கு அது. அரக்கு இருக்கிற வரை உள்ளே இருப்பது கெடாது என்று எனக்குத் தெரியும். என்ன கேட்டாலும் ஆமாம் என்றே சொல்லப்போகிற ஒன்றிடம் போய் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் மனைவியா, விதவையா? வெள்ளைச் சேலையும் கட்டமுடியாது, பூவும் வைக்கமுடியாது. எரிச்சலில் துணியை அந்தக் கல்லில் அடி அடியென்று அடிப்பேன். "கல்லு என்ன பாவம் செஞ்சிது?" என்று மாமி உள்ளேயிருந்து கேட்பாள்.

யுத்தம் முடிந்தது. ஜப்பான்காரன் முகாமிலிருந்து எங்கள் தெருவுக்கே ஒருவர் திரும்பி வந்தார், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத கோலத்தில். மாமிக்கு அது போதுமாக இருந்தது. பிறகு மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடையை மூடினார்கள், வீட்டில் புட்டி வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போனார்கள். சந்தேகத்தின்பேரில் தெரு முழுக்கச் சோதனை போட்டுக்கொண்டு வந்த ஒரு போலீஸ்காரர், களைத்துப்போய் எங்கள் துவைகல்லில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவருடைய பூட்ஸுக்கு ஒரு சாண் கீழே பாட்டில். நான் அவர் காலடியைப் பார்க்காமல் செம்பை நீட்டினேன். மாமியோ, "நல்லா குடிங்க அண்ணாச்சி. இனும இந்த ஊருல குடிக்கதுக்குத் தண்ணி மட்டுந்தான" என்றாள்.

அந்தச் சமயம்தான் என் அண்ணன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தான். உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், மனைவியை இழந்தவர். எங்கள் வீட்டுக்கு இரண்டொரு தடவை வந்து, மாமி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அதிகம் பேசாமல் போனார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. கோயில் சாமியார் மேற்றிராணியாருக்கு, அதுதான் பிஷப்புக்கு, எழுதிக் கேட்டு, கம்பெனியிலும் விசாரித்து, கல்யாணத்துக்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டார். மாமி மட்டும்தான் பாக்கி. அவள் சம்மதிக்காமல் நான் அந்த வாசலைத் தாண்டுவதாக இல்லை. அவளோ, "திருவிழா வரட்டும்" என்றாள். பாட்டில் என்ன சொல்லும் என்பதுதான் எனக்குத் தெரியுமே. அந்த ஆடி முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

திருவிழாவுக்கு மறுநாள் மாமி தோண்டினாள். துடைத்தாள். குலுக்கி வெயிலில் பிடித்தாள். குமிழிகள் சளசளவென்று எழும்பின, எழும்பிய வேகத்திலேயே உடைந்துபோயின. இன்னொரு தடவை குலுக்கினாள். ஒரு முத்துகூட நிற்கவில்லை. "உடைஞ்சிட்டு, பாத்தியா" என்று பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுத் துவைகல்லில் உட்கார்ந்து, மகன் பெயரைச் சொல்லி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கம்பெனித் தகவல் வந்த அன்றைக்கு அழாத அழுகை அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பாட்டிலோடு நின்றேன். அதன் வாயில் கருஞ்சிவப்பு அரக்கு இல்லை, கட்டைவிரல் ரேகையும் இல்லை. வெள்ளை மெழுகு. அதற்குள் ஒரு துண்டுத் திரிநூல் சிக்கியிருந்தது. மாதாவுக்கு ஏற்றும் மெழுகுவத்தி.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் என்னைக் கட்டிப்போட்டிருந்ததை இவள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டாளே, இதைப் போன வருடமே செய்திருக்கக்கூடாதா என்று. அப்புறம் அவள் அழுகையைப் பார்த்தேன். அது பொய்யில்லை. நான் பூசைக்குப் போயிருந்த ஏதோ ஒரு காலையில் தனியாக உட்கார்ந்து, அந்த அரக்கை உடைத்து, தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். யாருக்காக ஊற்றினாள் என்று எண்ணியபோது எனக்கும் அடக்க முடியவில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவள் மடியில் விழுந்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, "சாமியாருட்ட சொல்லி அவனுக்கு ஒரு பூசை வைக்கச் சொல்லுளா" என்றாள். மெழுகைப் பற்றி நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

என் கல்யாணத்தில் தாய் ஸ்தானத்தில் அவள்தான் நின்றாள். பாட்டிலில் இருந்ததை முருங்கை மரத்து மூட்டில் கொட்டிவிட்டுக் கழுவிக் காயவைத்து, நல்லெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டாள். கணக்கப்பிள்ளையைக் கடைசிவரை "மருமவனே" என்றாள். எனக்குப் பிள்ளை பிறந்தபோது பேறுகாலம் பார்த்ததும் அவள்தான்.

அவள் போனபிறகு, அவளுடைய தகரப்பெட்டியை ஒழித்துவைக்கும்போது, முதல் புருஷனுடைய சட்டை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அதற்குள் ஆஸ்பத்திரி மருந்துப்புட்டி, வேளைக்கு வேளை குடிக்கவேண்டிய அளவுக் காகிதம் ஒட்டியது. கழுத்துவரை நிறமில்லாத ஒன்று. வாயில் வெள்ளை மெழுகு. கை தானாகக் குலுக்கியது. விளிம்பைச் சுற்றி முத்துக்கள் ஏறி ஒட்டி நின்றன. பெரிய பாட்டிலில் தண்ணீர் ஊற்ற இடம் வேண்டுமென்று எடுத்ததை அவள் கீழே கொட்டவில்லை. எனக்கு அவர் இறந்துபோனார் என்று காட்டிவிட்டு, தனக்கு மட்டும் அவரை இதில் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது துறைமுகம் மாறிவிட்டது. கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் கட்டி, கப்பல்கள் கரையோடு வந்து ஒட்டி நிற்கின்றன. என் மகன் வேலை விஷயமாக அந்த நாடுகளுக்குப் போகிறான். ஊர்க்கோடியைத் தாண்டாத அம்மா, செக்காரன் கண்ணைப் பார்த்துக் குடி, ஹங்கேரிக்காரனோடு பீர் கிளாசை முட்டாதே என்றெல்லாம் சொல்வதைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு. அந்த பிளம் சாராயத்தில் ஒரு பாட்டில் வாங்கி வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், வீட்டில் இருக்கிறது என்றேன்.

திருவிழா முடிந்த மறுநாள் அந்தச் சின்னப் புட்டியைக் கிணற்றடிக்கு எடுத்துப் போகிறேன். கல்லில் உட்கார்ந்து, குலுக்கி, வெயிலில் பிடிக்கிறேன். நிற்கிறது. அவள் இல்லாததால் அவளுடைய சொல்லை நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது. "வாரான் மாமி" என்கிறேன். பிறகு முத்து உடைவதற்குள் அவசர அவசரமாகச் சட்டையில் சுற்றி வைத்துவிடுகிறேன்.