பதில் வராவிட்டால் சம்மதம்

எங்கள் மாடிக்காரருக்கு ‘அம்புக்குறி’ என்று பெயர் வைத்தது அவர் அலுவலகம். ஒரு விண்ணப்பம் கணினியில் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று படம் போடுவதுதான் அவர் வேலை. சரியென்றால் இந்தப் பக்கம் ஓர் அம்பு, இல்லையென்றால் அந்தப் பக்கம் ஓர் அம்பு. மனிதர் தும்முவதற்கு முன்புகூட, வந்தால் கைக்குட்டை, வராவிட்டால் பாக்கெட் என்று இரண்டு அம்பு போட்டுக்கொள்வார். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பெருமையெல்லாம் மூன்றாவது அம்பில். மூன்று நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பம் தானே நகர்ந்துவிடும். தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் அதனால் ஓடியது. மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அந்த வருடம் மாடிக்காரர் தம்பதிக்குக் குழந்தை பிறந்து, ஒரு நாள்கூடத் தங்கவில்லை. வாங்கி வைத்த மரத்தொட்டில் ஜன்னலோரம் நின்றது. பார்த்துப் பார்த்து மனைவி உருகுகிறாளே என்று, யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில், பேத்தி பிறந்திருந்த அலுவலகக் காவலாளியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஈரத்தலையோடு வந்தவள் ஜன்னலோரத்தைப் பார்த்தாள்.

“நான் சரின்னு சொன்னேனா?”

“வேண்டாம்னும் சொல்லலியேம்மா.”

“வாய் வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?”

போட்டது போட்டபடி காவலாளி வீட்டுக்கு ஓடினார். தொட்டிலில் அந்தக் குழந்தை கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

மறுநாள் முதல் வேலையாக மூன்றாவது அம்பை அழித்தார். எல்லா மேசையிலும் வேலை குவிந்தது. மேலாளர் கூப்பிட்டார்.

“பதிலே வரலைன்னா என்னய்யா பண்றது?”

“நிக்கட்டும் சார்.”

“எத்தனை நாளைக்கு?”

இவர் மேலாளர் அறையின் ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மேலாளர் அந்த அம்பைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டார்.

வீட்டில் மட்டும் அது இல்லை. சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டு அவள் வாய் திறக்கும்வரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் ஆறிப்போய்விடும். வீடு முழுக்கப் பெருக்குகிறவள் ஜன்னலோரத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறாள். அவரும் அப்படியே சுற்றிக்கொண்டுதான் நடக்கிறார்.