சுவரில் ஒட்டிய வேல்முருகன்

ஒரு பதிவைக் காப்பாற்ற நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்குமேல் தேவைப்படவில்லை.

ஜொகூர்பாரு அரசு அலுவலகத்தில் வணிகக் குறிகளைப் பதியும் மேசை என்னுடையது. சிங்கப்பூருக்குப் பாலம் போட்டுக்கொண்டிருந்த காலம். என் மனைவியின் தம்பி சிவசம்பு, தன் தலைத்தைலத்துக்கு வேல்முருகன் படத்தைக் குறியாகப் பதிந்தான். அது இன்னொருவர் முன்பே ஒட்டி விற்றுவந்த படம் என்பது அப்போது எனக்குத் தெரியாது... அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு பொந்தியானிலிருந்து செல்லம்மாள் வந்தாள். கணவனை இழந்தவள். ரப்பர்த் தோட்டங்களில் தைலம் விற்பவள். அந்தப் படத்தை முதலில் சீசாவில் ஒட்டியவள் அவள்தான். இனி ஒட்டினால் வழக்கு என்று சிவசம்பு ஆளனுப்பியிருந்தான். தோட்டத்து மக்கள் படத்தைப் பார்த்தே வாங்குவார்கள். படம் போனால் அவள் பிழைப்பும் போய்விடும்.

"பதிவை ரத்துச் செய்ய மனுக் கொடுக்கலாம். முதல் விற்றதுக்கு அத்தாட்சி இருக்கோ?" என்றேன்.

"இருக்கே ஐயா. சீசா காலியானதும் படத்த ஊறவச்சு எடுத்து, கூலிங்க குடியிருக்குற லயத்துல செவுத்துக்குச் செவுரு ஒட்டிக் கும்புடுறாங்க."

"அதைக் கொண்டு வாரும்."

"குங்குமம் வச்ச சாமியப் பேத்தெடுக்க யாரு விடுவா? நீங்க வேணா வந்து செவுத்தப் பாருங்க. தேத்தண்ணி தர்றேன்."

சுவர் வரத் தேவையில்லை. பார்த்தவர்கள் இருவர் சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும், பதிவு ஆட்டங்கண்டிருக்கும். விதி எனக்கு மனப்பாடம்.

"அசல் இல்லாட்டி மனு நிக்காது" என்றேன்.

"சட்டம் தெரிஞ்சவங்க சொன்னா சரிதாங்க." கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மனுவுக்கான கெடு முடிந்த அன்று சிவசம்பு வந்தான். "அத்தான், பதிவு நிக்குமோ?"

"இனி ஆராலும் அசைக்கேலாது."

அன்று நான் விட்ட பெருமூச்சு! வேலை பிழைத்தது, வீட்டில் அமைதியும் பிழைத்தது. செல்லம்மாள் மாம்பழப் படம் ஒட்டிப் பார்த்தாளாம். யாரும் வாங்கவில்லை. ரப்பர்ப் பால் வெட்டும் கூலிக்குப் போய்விட்டாள் என்று கேள்வி.

நேர்மையான ஊழியர் என்று நற்சான்று எழுதி எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதை எழுதியவருக்கும் விதிகள்தான் தெரியும், பாவம்.

உங்களிடம் சொன்னதில் நெஞ்சு லேசாகியிருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் சிவசம்பு கொடுத்த முதல் படத்தை என் மனைவி பூசையறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். தினமும் சந்தனம் வைக்கிறாள். சுரண்டி எடுக்கலாமே என்பீர்கள்...

ஒருநாள் கத்தியோடு போய் நின்றேன். அந்த லயத்து மக்களைப் போலவே, எனக்கும் கை வரவில்லை.