நித்யா ஏன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள்

என் மூத்தவன் மகன் கார்த்தி திருப்பூரில் சொந்தமாகத் தையல் யூனிட் போட்டுவிட்டான். அவன் தங்கச்சி பி.எட். முடித்து கொழிஞ்சாம்பாறையில் டீச்சர். மகள் வயிற்றுப் பேத்தி நித்யா டாக்டருக்குப் படித்து, அதுக்கு மேலே பிளாஸ்டிக் சர்ஜரி படித்து, அதுக்கும் மேலே வெளிநாட்டில் மண்டையோடு, முகம், தாடை எல்லாம் சரி செய்கிற ஃபெலோஷிப்பும் முடித்துவிட்டாள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

போன வாரம் கொல்லங்கோட்டிலிருந்து என் கொழுந்தனார் போன் செய்தார். "ஏனுங்க அண்ணி, படிச்ச ஊர்லயே வேல தர்றேன்னாங்களாமா. கோயமுத்தூருல மூக்கு அழகு பண்ற ஆசுபத்திரியும் கூப்புட்டுச்சாமா. அத்தனையும் உட்டுப்போட்டுச் சம்பளம் கொறஞ்ச எடத்துக்குப் போறாளாமா. இதுக்கா இத்தன வருசம் படிச்சா?"

அவருக்குச் சொல்வதை எல்லாருக்கும் சேர்த்தே நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிடுகிறேன்...

எழுபதுகளில் நாங்கள் சித்தூர்ப் பக்கம் இருந்தோம். என் கடைசி மகன் செல்வராசு, அதாவது நித்யாவின் தாய்மாமன், பிறந்தபோது மேலுதடு பிளந்திருந்தது. உள்ளே மேலண்ணமும் திறந்து கிடந்தது. சங்கில் பால் ஊற்றினால் பாதி மூக்கு வழியாக வந்துவிடும். என் மாரில் எப்போதும் புளித்த பால் வாசம்தான்.

பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இந்த வேலை தெரிந்த டாக்டர் வந்திருக்கிறார் என்றார்கள். மலையாளத்துக்காரர், வயசு அதிகம் இல்லை. பஸ் பிடித்துப் போனோம். உதட்டைத் தைத்தார். துணியைக் கிழித்துத் தைத்த மாதிரி இருக்கும் என்று பயந்தேன்... நூல் மாதிரி ஒரு கோடுதான் இருந்தது.

"இனி மேலண்ணம் அடைக்கணும் அம்மா. பேச்சு வர்றதுக்கு முன்னால அடைச்சாத்தான் பேச்சு தெளியும். தாமசிக்க வேண்டாம்" என்று நாள் குறித்துக் கொடுத்தார்.

அந்த நாள் ஆடியில் விழுந்தது.

என் மாமியார் கேட்ட மாத்திரத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஆடில கொழந்த வாய்ல கத்தி வெக்கறதா? மாசம் பொறக்கட்டும்."

"டாக்டரு நாள் சொல்லீட்டாருங்கம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"உன்ற டாக்டரு மலையாளத்தாருதானே? நமக்கு ஆடின்னா அவுங்களுக்குக் கர்க்கடகம். அவுங்க ஊட்டுலயும் ஒரு நல்ல காரியம் பண்ண மாட்டாங்க. வேணும்னா அவரு அம்மாவப் போய்க் கேளு."

என் வீட்டுக்காரர் ஆவணிக்குத் தள்ளி வைத்துவிட்டார். அந்த வீட்டில் நான் வாய் திறக்கிற காலமும் இல்லை.

ஆவணி பிறந்த மூணாம் நாள் போனோம். டாக்டர் இல்லை. நர்ஸ்தான் சொன்னார். "சார் வெளிநாட்டுக்குப் போயாச்சு. இங்க வந்து ரெண்டு வருஷமா ஹெர்னியாவும் எலும்பு முறிவும்தான் பார்த்தார். இந்த வேலைக்கு வேண்டிய சாமானம் பத்தல, மயக்கம் கொடுக்க எப்பவாவதுதான் வெளியூர்லேர்ந்து ஆள் வரும். படிச்சது மறந்து போகும்னு சொல்லிச் சொல்லித்தான் போனார்."

"அவருக்குப் பதிலா யாருங்க வருவாங்க?"

"ஆரும் இல்ல."

மாமியார்மேல் கோபம் இருந்தது. டாக்டர்மேல் இல்லை. கற்ற வேலையைச் செய்ய இடம் இல்லாமல் அந்த மனுசன் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்?

செல்வராசுக்கு எட்டு வயசானபோதுதான் வேறு ஊரில் மேலண்ணம் அடைத்தார்கள். அதற்குள் பேச்சு மூக்கில் போய் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்க எழுந்திருக்க மாட்டான். இன்றைக்குத் தேங்காய் மண்டி வைத்து நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் தெரியாத ஆள் போனில் கூப்பிட்டால் மனைவி கையில் கொடுத்துவிடுகிறான்.

நித்யா அந்த மாமன் தோளில் வளர்ந்தவள்.

ஃபெலோஷிப் முடிந்ததும் எனக்கு எல்லாம் விளக்கினாள். மெடிக்கல் காலேஜில் சொல்லிக் கொடுக்கப் போகலாம். விபத்தில் உடைந்த முகம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அழகு வேலை பார்க்கலாம். வெளிநாட்டிலேயே தங்கலாம்.

"எதுவும் கெட்ட வழி இல்லீங்க அம்மாயி. ஆனா எங்க போனாலும் இந்த வேலைக்கு நான் ஒருத்தியே ஆளா இருக்கற எடம் மட்டும் எனக்கு வேண்டாம். நாளைக்கு நான் போயிட்டா, பாதி வைத்தியத்துல இருக்கற கொழந்த என்ன பண்ணும்?"

இப்போது சேர்ந்திருக்கிற இடத்தில் இவளோடு இன்னும் ரெண்டு சர்ஜன் இருக்கிறார்கள். பல் டாக்டர், காது டாக்டர், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், எல்லாரும் ஒரே மாடியில். பிளந்த உதட்டோடு கைக்குழந்தையாக வந்தால் மீசை முளைக்கிற வரைக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். அன்றைக்கு அந்த டாக்டர் ஒருத்தர் கிளம்பியதும் ஒரு வைத்தியமே ஊரைவிட்டுப் போனது. இன்றைக்கு இவள் லீவு போட்டாலும் அங்கே வேலை நிற்காது. சம்பளம் குறைவுதான் கொழுந்தனாரே, பட்டினி இல்லை.

நித்யா கண்ணு, நீ குரூப்பில் போட்ட படத்தில் எல்லாரும் தொப்பியும் மாஸ்க்குமாக இருக்கிறீர்கள். அதில் எது நீ என்று எனக்கே தெரியவில்லை. முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி புதுசாக ஒன்று எடுத்துப் போடு சாமி.