உள்மூலையில் ஓர் இடம்

ஆக்லாந்து நகரின் பென்ரோஸில் ஒரு சாமான் கிடங்கின் மேற்பார்வையாளரான கதிர்காமநாதன் வீடு பார்க்கப் போனால், மற்றவர்களைப் போலக் குசினியைப் பார்க்க மாட்டார். குளியலறைக் குழாயைத் திருக மாட்டார். நேரே வீட்டுக்கு அடியில் போய்விடுவார். ஆக்லாந்தின் பழைய மரவீடுகள் குட்டைத் தூண்களின் மேல் நிற்பவை. தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழ இடமிருக்கும். இஸ்திரி போட்ட சட்டையோடு அதற்குள் தவழ்ந்து, மல்லாந்து படுத்து, கண்ணை மூடிச் சற்று நேரம் கிடந்துவிட்டு, தலையில் சிலந்தி வலையோடு வெளியே வந்து தீர்ப்புச் சொல்வார். இப்போது குடியிருக்கும் பக்குரங்கா வீட்டை வாங்கியதும் அப்படித்தான். கூரை ஒழுகுமா என்று அவர் விசாரிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழிக்குள் வளர்ந்த மனிதரின் வாஸ்து சாஸ்திரம் அது.

அவர் மனைவி ரதிதேவிக்கு இப்போது முழங்கால் மடங்க மறுத்தது. எப்சமில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில், நாலாம் மாடி அபார்ட்மென்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். பக்குரங்கா வீட்டை விற்றால்தான் அது கைகூடும்.

"அதுக்குக் கீழை என்ன இருக்கு?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

"மூண்டாம் மாடி."

"அதுக்குக் கீழை?"

"ரெண்டாம் மாடி. அங்கையும் மனிசர்தான் இருக்கினம். ஒருத்தரும் செத்துப் போகேல்லை."

பேசிப் பயனில்லை என்று கண்ட ரதிதேவி, மனிதரை மாடியில் வைத்தே மாடிக்குப் பழக்குவதென முடிவெடுத்தார். மகன் விதுஷன் வேலை நிமித்தம் போலந்தில், வார்சா நகரில், ஓர் ஐந்தாம் மாடியில் குடியிருந்தான். ஜனவரியில், ஆக்லாந்து முழுவதும் கடற்கரையில் காய்ந்துகொண்டிருக்க, இருவரும் பனிக்குள் போய் இறங்கினார்கள்.

விதுஷன் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டினான். போரில் இடித்துத் தரைமட்டமாக்கிய வீதிகளைப் பழைய ஓவியங்களைப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்றான். கதிர்காமநாதன் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தார். முந்நூறு வயது முகத்தோடு நின்ற வீடு அவரைவிடப் பத்திருபது வயதுதான் மூத்தது. செத்த ஊர் தன் படத்தைப் பார்த்து எழுந்து நிற்பதுபோல் இருந்தது. பனியில் காலடிச் சத்தங்கூடக் கேட்கவில்லை.

விதுஷன் இருந்த கட்டடமோ ஆற்றின் கிழக்குக் கரையில் குண்டுக்குத் தப்பியது. அதன் வாசற் சுவரில் மங்கிய வெள்ளை அம்புக்குறி ஒன்று கீழ்நோக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த எழுத்து போலிஷ். கதிர்காமநாதனுக்கு அந்த மொழியில் நன்றிகூடச் சொல்லத் தெரியாது. ஆனாலும் அதைத் தடங்கலின்றி வாசித்தார்: குண்டு விழுந்தால் பதுங்க இடம் கீழே.

மறுநாள், நாலரை மணிக்கே இருட்டிவிட்ட பின்னேரம், அம்பு காட்டிய வழியே இறங்கினார். கீழே செங்கல் வளைவுகள். குடித்தனக்காரர் உருளைக்கிழங்கு வைக்கும் அறைகள். மண்ணும் ஈரமும் கலந்த மணம், பழகிய மணம். திருப்தியோடு கோடியில் போய்க் குந்தினார். அப்போது தானாக அணையும் விளக்கு அணைந்தது.

சிறிது நேரத்தில் ஒரு சின்னக் கை அவருடைய சுட்டுவிரலைப் பிடித்தது.

கதிர்காமநாதன் அலறவில்லை. பதுங்குகுழியில் உள்மூலை எப்போதும் ஆகச் சின்னவருக்கு என்பது சட்டம். அவர் சட்டப்படி வெளிப்பக்கம் ஒதுங்கி இடம் விட்டார்.

"பயப்பிடாதை. வாயைத் திறந்து வைச்சிரு. காதை நல்லாப் பொத்து."

காதைப் பொத்துவதற்காக விரலை விட்டது அந்தக் கை. தமிழ் விளங்கியிருக்கிறது.

விளக்கு எரிந்தது. படியில் விதுஷன். "அப்பா, யாரோட பேசுறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் உட்காரப் போனான்.

"அதிலை இராதை! ஆள் இருக்கு!"

விதுஷன் பாதி குனிந்தபடி நின்றான். சுவரோரம் வெறும் தரை.

"ஆரின்ரை பிள்ளையடா அது?"

"இந்தக் கட்டடத்தில சின்னப் பிள்ளைகளே இல்லை, அப்பா," என்றான், இம்முறை தமிழில்.

ஆக்லாந்து திரும்பியதும் கதிர்காமநாதன் தன் வீட்டுக்கு அடியில் போனார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெளியே வந்தார். தலையில் வலை இல்லை. முகத்தில் ரத்தமும் இல்லை. சுட்டுவிரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

"விப்பம்," என்றார்.

பல வருடம் கேட்டு மன்றாடியது கிடைத்ததும் ரதிதேவிக்குப் பயம் பிடித்தது. "ஏனப்பா, கீழை என்ன?"

"இவ்வளவு நாளும் எங்களுக்கெண்டு நினைச்சன். அது எங்கடை இல்லை."

விற்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. வீட்டுக்கு அடியில் போகும் சின்னக் கதவை வாங்குபவர் ஒருநாளும் ஆணியடித்து மூடக்கூடாது. வீட்டு ஏஜென்ட் அதை ஏதோ இந்துச் சடங்கு என எண்ணி, மரியாதையோடு ஒப்பந்தத்தில் சேர்த்தார். விலை இதனால் குறையாது என்றும் உறுதி கூறினார்.

வாங்க வந்தவன், கடைசிப் போர் நடந்த வன்னியில் பிறந்த சஞ்சீவன். நிபந்தனையை வாசித்ததும் பேனையைக் கீழே வைத்தான். ரதிதேவியின் கண்ணெதிரே எப்சமின் லிஃப்ட் ஆளில்லாமல் மேலே போனது.

"காத்தோட்டத்துக்குத்தான் தம்பி," என்றார் அவசரமாக.

சஞ்சீவன் அவரைப் பார்க்கவில்லை. "அண்ணை, அதுக்குள்ளை எத்தினை பேர் இருக்கலாம்?" என்றான், தணிந்த குரலில்.

"நாலு பேர் தாராளமா இருக்கலாம்," என்றபடி கையெழுத்திட்டார் கதிர்காமநாதன். "ஆனால் உள்மூலையை விட்டிடு தம்பி. அதிலை ஆள் இருக்கு."

சஞ்சீவன் தலையாட்டிவிட்டுத் தானும் கையெழுத்து வைத்தான்.