சில்லை ஆர் சுத்துறது?

அத்தான் இறந்த வருடம், மாரி தொடங்குமுன் அவருடைய கடைச்சல் மெசினுக்கு ஓர் இடம் தேடவேண்டி வந்தது. வவுனியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டிலை, நெல் மூட்டை அடுக்கவேண்டும் என்று நிலச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். அதற்குள் வாங்க ஆள் வராவிட்டால் பழைய இரும்பு வியாபாரி சம்மட்டியோடு வருவார். மெசினை உடைத்து, நிறுத்து, கொழும்புக்கு ரயிலேற்றிவிடுவார். அக்காவுக்கு அந்த நினைப்பே பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

மலைநாட்டில் மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து அத்தான் வாங்கி வந்த மெசின் அது. அதன் வயது அவருக்கே தெரியாது. சீமை இரும்பு. என்ன அடி பட்டாலும் ஒரு வெடிப்புக் கிடையாது. அதில் கடைந்தெடுத்த வண்டில் அச்சையோ பம்புத் தண்டையோ உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். நான் லொறி ஓட்டுகிறவன். இரும்பில் நல்லது கெட்டது எனக்குத் தெரியும்.

கொட்டிலில் கரண்ட் இல்லை. அத்தான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஆளுயரத்தில் ஓர் இரும்புச் சில்லு, பெரிய சக்கரம், நிற்கும். அதைக் கையால் சுற்றினால், தோல் வார் இழுத்து மெசின் ஓடும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தச் சில்லைச் சுற்றியவர் என் அக்கா. வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அத்தான் திரும்பிப் பார்க்கமாட்டார். கையை உயர்த்தினால் அக்கா நிறுத்துவார், இறக்கினால் தொடங்குவார். இப்படி ஒரு சோடி வன்னியிலேயே இல்லை என்று லொறி போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இப்போது அதே இடங்களில் மெசின் விலைக்கு இருப்பதையும் சொன்னேன். முதலில் ஒரு வண்டில் பட்டறைக்காரர் வந்தார். தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சில்லை ஆர் சுத்துறது?"

"என்ர மனிசி இருக்கிறா."

"அப்ப சரிவராது, அண்ணை."

வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்து துணுக்காயிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வயல் செய்கிறவர்கள். அவர்களிடமும் அதே கேள்வி.

"தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். வீட்டில சும்மாதான் நிக்கிறாள்" என்றான் மூத்தவன்.

அக்கா தேத்தண்ணி கொடுத்தார். மெசினைக் கொடுக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம். மழை வானத்தில் கறுத்து நிற்கிறது, இரும்பு வியாபாரி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், இவர் வாங்க வந்தவர்களைக் கலைக்கிறார்.

"உங்களைப்போல ஆரும் சுத்தமாட்டினம் எண்டு நினைக்கிறீங்களோ, அக்கா?"

அவர் தலையை ஒரு பக்கம் சரித்து, இடக்கையால் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான் கொண்டை போடுவார். நான் ஏன் என்று கேட்டதில்லை.

மூன்றாவதாக வந்தவர் முல்லைத்தீவில் நெல் மில் வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி; எல்லோரும் அவரை நானா என்போம். வெள்ளைச் சாரம் உடுத்து வந்தவர், விலையைக் கேட்கவில்லை. நிலத்தில் மல்லாந்து படுத்து, மெசினுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார். எழும்பும்போது முதுகெல்லாம் துரு. முகமெல்லாம் சிரிப்பு. அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"சில்லை ஆர் சுத்துறது?" என்றார் அக்கா.

"ஆரும் சுத்தத் தேவையில்லை, தங்கச்சி. மில்லில எண்ணெய் எஞ்சின் ஓடுது. அதில ஒரு வாரைக் கொழுவிவிட்டா இது தன்பாட்டில ஓடும். சில்லு எனக்கு வேண்டாம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்காவின் அத்தனை வருட உழைப்பை ஒரு சொல்லில் தள்ளிவிட்டாரே, இவருக்கும் தேத்தண்ணி மட்டும்தான் என்று நினைத்தேன்.

"எப்ப ஏத்துறீங்கள், நானா?" என்றார் அக்கா.

மரத் தடிகளை உருளையாகப் போட்டு, எட்டுப் பேர் தள்ளி, என் லொறியிலேயே ஏற்றினோம். அக்கா மெசினுக்குக் கிறீஸ் பூசி, தன் பழைய சேலையால் மூடிக் கட்டினார். சில்லை மட்டும் இரும்பு வியாபாரியிடம் நிறைக்குப் போட்டார். ஞாபகத்துக்கு வைத்திருக்கலாம் என்று நான் தடுத்தேன்.

"உனக்கு ஆசையெண்டா நீ கொண்டுபோய்ச் சுத்து" என்றார்.

நானா தன் இடத்தில் தளத்துக்குக் கல் பதிக்க முன்னாலேயே போயிருந்தார். அக்காவும் நானும் லொறியில் போனோம். மாங்குளம் தாண்டிக் காடும் கடந்தபின் அக்கா, வற்றாப்பளை அம்மனிடம் போய்விட்டுப் போவோம் என்றார். சந்நிதியில் எல்லோரும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட, அக்காவின் வலக்கை தோளோடு நின்றுவிட்டது. இடக்கை மட்டும் மேலே போனது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"எத்தினை வரியம் சுத்தின கை, தம்பி. இனி ஏறாது."

"ஏன் அத்தானுக்குச் சொல்லேல்லை?"

"அவருக்குத் தெரியும். நல்ல மனிசன். பொழுதுபட எண்ணெய் போட்டுத் தேய்ச்சுவிடுவார். விடிஞ்சா திரும்பச் சுத்தத்தானே வேணும்? அந்தத் துணுக்காய்ப் பெட்டைக்கும் இந்தக் கைதான் வரும். நான் எப்பிடிக் குடுக்கிறது?"

யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் தோளுக்காக, மழையையும் என் கோபத்தையும் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். என் அக்கா என்பதில் எனக்கு வந்த பெருமையை அன்று அவரிடமே சொன்னேன். "லொறியைப் பார்த்து ஓட்டு" என்றார்.

மில்லில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. மெசினைக் கல் தளத்தில் இருத்தி முடிக்க இரண்டு நாள் பிடித்தது. நானா வீட்டிலேயே சாப்பிட்டுத் தங்கினோம். பிறகு வாரைக் கொழுவி எஞ்சினைத் தொடக்கினார் நானா. மெசின் ஒரு முறை முனகிவிட்டு, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அக்கா பழக்கத்தில் நானாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே சுவர்தான் இருந்தது.

"அங்க என்ன வேலை? முன்னுக்கு வந்து பாருங்கோ, தங்கச்சி" என்று நானா கூப்பிட்டார்.

அக்கா முன்னால் வந்தார். நானா இரும்புத் தண்டில் உளியை மெல்லக் கொடுத்தார். வெள்ளிச் சுருள் ஒன்று நீளமாகக் கழன்று, சுருண்டு சுருண்டு கீழே இறங்கியது. கொட்டிலில் அந்தச் சுருள்களை நாள்தோறும் கூட்டி அள்ளியவர் அக்கா. சில்லடியில் நின்றவருக்கு அத்தானின் முதுகு மட்டுமே தெரிந்திருக்கிறது.

"இப்பிடியோ வாறது?" என்று கேட்டார்.

நானா தலையாட்டினார்.

"இன்னொருக்கா ஓட்டுங்கோ, பாப்பம்" என்று சொல்லிவிட்டு, அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.